எங்கள் லைனைப் பிரிக்காத கோடுகள்

நியாலாஸ் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து, பத்து பெரண்டாம் என்ற ஊரின் ஃபேக்டரியில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். வழியெல்லாம் பாட்டும் சண்டையும்தான். அந்தக் காலம் இனி வராது.

நான்கு லைன்களில் பழுதென்று கழித்துப் போடும் எங்கள் ரிஜெக்ட் சராசரிதான் அதிகம் என்று, எங்களை வேறு வேறு லைனுக்குப் பிரித்துப் போட மேனேஜர் கிளம்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது. தரப் பிரிவு எஞ்சினியர் வதனி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். இரண்டிரண்டு லைனாக ஒப்பிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோடு. உண்மையான வித்தியாசம் அந்தக் கோட்டுக்குள் எங்கேயும் இருக்கலாமாம்.

"இத்தனை ஜோடி பார்த்தா ஏதாச்சும் ஒண்ணு தற்செயலாவே பெருசா தெரியும்க்கா. அதான் கோடு எல்லாத்தையும் நீட்டியிருக்கேன். உங்க லைன் கோடு எல்லாத்துலயும் பூஜ்யம் உள்ள இருக்கு. வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்."

"அப்ப எல்லா லைனும் சமம்னு போய்ச் சொல்லுலா."

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. வித்தியாசம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தல. அவ்வளவுதான்."

"படிச்சவ பேச்சு, வழவழன்னு," என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டு வந்தேன்.

கூட்டத்தில் மேனேஜர், "அப்ப இவங்க சமமா?" என்று மடக்கினார்.

"தெரியாது சார். தெரியாததை வச்சு ஆளுங்களைப் பிரிக்காதீங்க," என்றாள் வதனி.

அவள் சமம் என்று சொல்லியிருந்தால் சராசரியைக் காட்டி அவளைக் கிழித்திருப்பார். தெரியாது என்றதும் பிரிக்கும் பட்டியலை மடித்து வைத்துவிட்டார். எங்களை யாரும் பிரிக்கவில்லை.

தெரியாது என்பவனைக் கோழை என்றே ஏசி வளர்ந்தவள் நான். மறுநாள் அவள் மேசையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வைத்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.