விலாங்குக்குச் சாம்பல்

விலாங்கைத் தொடுமுன் இலட்சுமிப்பிள்ளை இரண்டு உள்ளங்கைகளையும் அடுப்புச் சாம்பலில் ஒற்றி எடுப்பாள். பிறகு தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு. அதன் மேலிருக்கும் வழுவழுப்பான வழும்பு சாம்பலோடு திரண்டு கறுப்பாகக் கையோடு வரும். அதைச் சிரட்டையில் வழித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். வாவிக்கரைச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில்.

“சாம்பல் படாட்டி இவர் யமனுக்கும் பிடிபட மாட்டார் தம்பி, கொஞ்சம் நில்லுங்க” என்பாள், அவசரப்படுகிறவர்களிடம்.

அவள் புருசன் கோணாமலைக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போவதை வெட்கத்தில் அவளிடமே மறைத்திருந்தான். தெரியவந்தபோது நோய் முதுகெலும்பைத் தொட்டிருந்தது. மாதாமாதம் போட்ட ஊசி கொஞ்சக் காலம் அதைக் கட்டிவைத்தது. இப்போது அதுவும் கேட்கவில்லை. இனி நரம்பில் ஏற்றுகிற மருந்துதான் என்றார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான்.

“ஊசியே என்ன உருக்கிப்போட்டு. சும்மா கிடக்க விடுகா.”

அவள் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கம்சாயினி அவளிடம் மீன் வெட்டுவிக்கிறவள்.

“ஊசி ஏன் மகள் கேக்கல்ல?”

“ஊசிக்குத் தப்பிப் பிழைக்க அது பழகிற்று அம்மா. இன்னொரு வேலையும் பாக்கும். நம்மட உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களால ஆனது. ஒவ்வொரு கலத்துக்கு மேலயும் சீனிமாதிரிப் பொருளால ஒரு பூச்சு இருக்கு. புற்றுநோய்க் கலம் அந்தப் பூச்ச மாத்தித் தடிப்பாப் போட்டுக்கும். உடம்புக்குக் காவல் நிக்கிற கலங்கள் தடவிப் பாத்திட்டு, நம்மட ஆள்தான் எண்டு விட்டிரும். உங்கட விலாங்கு வழும்பு மாதிரி.”

“ஐயோ, நான் தேத்தண்ணிக்குச் சீனி அள்ளிப் போட்டதாலயா?”

“இல்லம்மா. அது கலமே செஞ்சுக்கிற பூச்சு.”

“அப்ப அத வழிக்கச் சாம்பல் இல்லையா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “வெளிநாட்டில தேடுறாங்க. நமக்கு வர எத்தின வருசமோ தெரியா. இப்ப இருக்கிறது ஏத்துற மருந்து மட்டுந்தான்.”

திரும்பும்போது பஸ் பாலத்தைக் கடப்பதற்குள் அவள் புருசனிடம் சொல்லப் பொய்யைக் கட்டி முடித்துவிட்டாள்.

“இந்த நோயும் விலாங்குமாதிரி வழும்பு பூசியிருக்காம். அத வழிக்கச் சாம்பல்மாதிரி ஒரு மருந்து வருதாம். அது வாற வரைக்கும் இத ஏத்தட்டாம்.”

“ஆரு சொன்ன?”

“டாக்டர் பிள்ளதான்.”

 மறுநாள் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் ஏறினான்.

மயிர் கொட்டியது. நகம் கறுத்தது. குடித்த கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. அவன் வாந்தி எடுக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். இதெல்லாம் தன் நாக்கு செய்த வேலை என்று உள்ளே குமைந்தாள். ஒவ்வொரு முறையும் ஓட்டோவில் ஏறுமுன் அவன் கேட்பான்:

“சாம்பல் வந்திட்டாகா?”

“கப்பல்ல வருதாம்.”

“கப்பலையே இப்பதான் கட்டுறாங்க போல.”

மாசியில் ஒருநாள் காலை அவன் எழும்பவே இல்லை. விலாங்கு கொண்டுவருகிறவர்களை அவள் வேறு இடத்துக்கு அனுப்பத் தொடங்கினாள். “பொய் சொல்லி அந்த மனிசன வதைச்சுப் போட்டன்” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் அழுதாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை செய்யும் நல்லரத்தினம் மீன் வெட்டுவிக்க வந்து அதைச் சொன்னார். மருந்து ஏற்றப் போன முதல் நாளே, அவள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம், கோணாமலை டாக்டரிடம் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு மருந்து வரவில்லை என்று டாக்டர் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகும் அவன் கையை நீட்டினானாம்.

“சரி, ஏத்துங்க. அவக்கு மட்டும் சொல்லிராதீங்க.”