கராத்தே உளவாளிக்கு நான் கீறிய வரைபடம்

போன மாதம் அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒருவர் சாக்கு விரித்துப் பழைய புத்தகங்கள் விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் குவியலில் அந்தக் கொமிக்ஸைக் கண்டேன். அதே இதழ், அதே சிவப்பு அட்டை. கறுப்பு உடுப்புப் போட்ட கராத்தே உளவாளியின் ஒரு கால் ஆகாயத்தில் நிற்கிறது, எதிரில் மூன்று பேர் பறக்கிறார்கள். வாங்கி வந்து, குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

எவ்வளவு பொய்! நடுப்பக்கத்தில் உளவாளி பிடிபடுகிறான். கதிரையில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். எத்தனை கட்டம்? இரண்டே இரண்டு. மூன்றாவது கட்டத்தில் கயிறு அறுகிறது, நாலாவதில் அடித்தவர்கள் எல்லாம் தரையில் கிடக்கிறார்கள். அவனுக்குத் தலைமுடிகூடக் கலையவில்லை. இந்த மண்ணாங்கட்டியைத்தான் சின்ன வயதில் நானும் என் நானாவும் பாடம்போல வாசித்தோம். நானா என் அண்ணன், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அடிக்கிற இடம் வந்தால் எழும்பி நின்று காலைத் தூக்கிக் காட்டுவார்.

சுனாமியில் கடல் வந்த அன்று நான் கடற்கரைக்குத் தள்ளியிருந்த சாச்சி வீட்டில், உம்மாவின் தங்கச்சி வீட்டில், நின்றேன். என் பைக்குள் அந்தக் கொமிக்ஸ் கிடந்தது. அதனால் எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சிய ஒரே புத்தகம் அதுதான். உம்மாவும் நானாவும் தப்பினார்கள். வாப்பா தப்பவில்லை. வீட்டில் கிணறு மட்டும் வாய்நிறைய மணலோடு கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது, யாருடைய வளவு எங்கே முடிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்களே ஆளுக்காள் சண்டை பிடித்தார்கள். வேலி இல்லை, மதில் இல்லை, எதை வைத்துச் சொல்வது? எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் இடம் எனக்கும் மறந்துபோய்விடும் என்று பயந்தேன். ஒரு நாள் கடற்கரைக்குப் போய், எட்டு வைத்து நடந்து, கிணற்றிலிருந்து பள்ளிவாசலுக்கு எத்தனை எட்டு, ரோட்டுக்கு எத்தனை எட்டு, புதிதாகப் போட்டிருந்த ஆமிக் காவலரணுக்கு எத்தனை எட்டு என்று எண்ணினேன். கொமிக்ஸின் பின்னட்டை உள்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எல்லாவற்றையும் கீறினேன். கீறியதோடு விட்டேனா? உளவாளி கடலால் நீந்திவந்து காவலரணுக்குப் பின்னால் ஏறுவதற்கு அம்புக்குறியும் போட்டேன்! கதைக்கு அடுத்த பாகம் எழுதுகிறேனாம்.

கடலோரத்தில் இனி வீடு கட்ட ஏலாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீடில்லாத பெண்ணை ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள். வாப்பா இல்லையென்றால் அந்த வீட்டைக் கட்டுவது நானாமாரின் தலையில்தான் விழும். தனக்கு ஒரு கூரை இல்லாதவன் தங்கச்சிக்குக் கூரை போடவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் வைத்தானோ, அவன் என் கையில் அகப்பட்டால் நன்றாகக் கேட்பேன். அந்த வீட்டுக்காகத்தான் நானா கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போக எழுதிக்கொடுத்தார். விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது. அவர் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், அவருக்குத் தெரியாமல் அந்தக் கொமிக்ஸை அவருடைய பைக்குள் மடித்திருந்த சாரங்களுக்கு அடியில் வைத்தேன். கட்டாரில் பையைத் திறந்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். பின்னட்டைக்குள் என்ன கிடக்கிறது என்பது என் புத்தியில் வரவே இல்லை. வரவே இல்லை!

நடந்ததை அதே பஸ்ஸில் போன எங்களூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டியிருக்கிறார்கள். ஆமிக்காரன் கொமிக்ஸைப் புரட்டி, பின்னட்டையில் நின்று, "மே மொனவத?", இதெல்லாம் என்ன, என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். கடல், காவலரண், எட்டுக் கணக்கு, அம்புக்குறி. நானா அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

"நான்தான் கீறின, சேர். சும்மா கீறின" என்று சொல்லியிருக்கிறார்.

ஆமிக் கேம்புக்குள் பதினொரு நாள். எத்தனை கட்டம் என்று கேட்காதீர்கள். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. டிக்கெட் போய்விட்டது, அந்த வேலைக்கு வேறொருவர் போய்விட்டார். உம்மா வாசலில் வைத்தே தொடங்கினா.

"மடையா! செக்பொயின்றுக்குள்ளால மெப்பக் கொண்டு போவானா ஒருத்தன்? பச்சப்புள்ளயா நீ?"

நானா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பிறகு குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னார்.

"வாயத் திறந்திராத. பொம்புளப் புள்ளட பேரு கேம்புக்குள்ள போனா, மறுகா ஊருக்குள்ள என்ன கதப்பாங்கண்டு தெரியும்தானே? ஒனக்குக் கலியாணம் இரிக்கி."

யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். நானா அன்றும் கல் சுமந்தார். மேசன்மாருக்குக் கீழே கூலிக்கு நின்று, மிச்ச நேரத்தில் என் வீட்டுக்குச் சுவர் எழுப்பினார். அது முடிய ஆறு வருடம் ஆனது. அதன் பிறகுதான் அவர் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். உம்மா என்னோடு இருந்தா. வந்தவர் போனவர் எல்லோருக்கும் உம்மா அந்தக் கதையைச் சொல்லுவா. "இவன் மட்டும் அந்தப் புத்தகத்தக் கொண்டு போகாட்டி, இண்டைக்குக் கட்டார்ல ராசா மாதிரி இரிப்பான்." நானா பக்கத்தில் இருந்தால் நல்ல காதைச் சரித்துக் கேட்டுச் சிரிப்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவர்மேலும் கோபம் வரும். யார் கேட்டது உங்களை? கலியாணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, செக்பொயின்றையும் கழற்றிய பிறகு எனக்கு என்ன பயம் மிச்சம் இருந்தது? ஒன்றுமில்லை. வெட்கம்தான். வெறும் வெட்கம்.

மூன்று வருடத்துக்கு முன் உம்மா படுக்கையில் விழுந்தா. செய்த பிழைகளுக்கு எல்லோரிடமும் மாப்புக் கேட்டா, எல்லோருக்கும் மாப்புக் கொடுத்தா. நானாவைக் கிட்டக் கூப்பிட்டு, அவருடைய கையைப் பிடித்தா.

"மகன், அந்தப் புத்தகத்துக்காக ஒன்ன எவ்வளவு ஏசிப்போட்டன். அது ஒன்ட பிழதான். ஆனாலும் நான் மாப்பாக்கிட்டன்."

நானா நல்ல காதைக் கொடுத்துக் குனிந்து கேட்டுவிட்டு, "ஓம் உம்மா" என்றார்.

நான் கால்மாட்டில் நின்று உம்மாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் உம்மா கண்ணை மூடி மௌத்தானா.