பத்துக்கட்டை வழி தெரிந்தவர்

நாகூர் கனிக்கு வழி தெரியும். இதை விட்டால் அந்த மனிதரைப் பற்றி எழுத மிச்சம் ரொம்பக் கொஞ்சம். வயது ஐம்பத்தாறு. பிறந்து வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூர். வேலை லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சூட்கேஸ் கடையில். வீடு புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராவது மாடி. அந்த வீட்டின் சின்ன அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவன் நான். தெரிந்துதான் சொல்கிறேன்.

போன முதல் நாளே என்னைத் திருத்தினார். நான் "பாய்" என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் செந்துறைப் பக்கம் அது மரியாதை.

"பாய் கீயெல்லாம் உங்க ஊரோட வச்சுக்க தம்பி. இங்க அங்கிள்."

"சரி அங்கிள்."

"என்ன படிச்சிருக்க?"

"பி.இ. சிவில்."

"உங்க ஊர்ல இப்ப எல்லாரும் அதான் போல."

எல்லாரும் இல்லை. எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருந்தும் ஒருவர்கூட டிகிரி வாங்காத வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு அதை விளக்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கடையில் பார்க்க வேண்டும். துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து ஆட்கள் வருவார்கள், ஊருக்குப் போகப் பெட்டி வாங்க. கனி பெட்டியை விற்ற கையோடு அவர்களுக்கு வழியும் சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "டோபி காட் ஸ்டேஷன்ல ரயில் மாறாதே, அங்க நடந்தே கால் போயிடும். நான் ஒரு வழி சொல்றேன்" என்று பில்லின் பின்பக்கத்தில் படம் போடுவார். நாலு கோடு, இரண்டு அம்பு. ஒருமுறை ஒரு தஞ்சாவூர்க்காரர் அந்தப் படத்தை நம்பி, இடுப்பளவு பெட்டியோடு மூன்று பஸ் மாறி, பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடி கடைக்கே வந்து நின்றார். கனி அசரவில்லை. "படத்தைத் தலைகீழா பிடிச்சிருப்ப" என்றார்.

இப்படிப்பட்டவருடைய வழிகளிலெல்லாம் பெரிய வழி பத்துக்கட்டை வழி.

புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஓட்டுநர் கிடையாது. வீட்டுப் பக்கம் ஏறி, எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கிப் பெரிய ரயிலைப் பிடிக்கலாம். அந்த வட்டத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, தனியாக ஒரு நிலையத்தில் போய் முடிந்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு. கனிக்கு அது பத்துக்கட்டை. இங்கே பழைய ஆட்கள் மைலைக் கட்டை என்பார்கள். பட்டணத்திலிருந்து பத்தாவது மைல், பத்துக்கட்டை. அந்த நிலையத்தில் சாதாரண நாளில் ஈ காக்கை இருக்காது. ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை, தண்டவாள வேலைக்காக வட்டத்தை நிறுத்துவார்கள். புளோக்குக்குக் கீழே மாற்றுப் பஸ் வரும், சனம் வரிசையில் நிற்கும். அன்றைக்கும் அந்தக் கிளையில் மட்டும் ஒரு ரயில் எம்.ஆர்.டி. வரை போய் வந்துகொண்டிருக்கும். கனி வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, பத்துக்கட்டைக்கு நடப்பார்.

நான் அளந்து பார்த்தேன். வீட்டிலிருந்து பத்துக்கட்டைக்குப் பதினைந்து நிமிட நடை. அங்கே ரயிலுக்குப் பத்து நிமிடம். ஏறினால் மூன்று நிமிடத்தில் எம்.ஆர்.டி. அதே வீட்டிலிருந்து எம்.ஆர்.டி.க்கு நேராக நடந்தால் இருபத்தைந்தே நிமிடம். இருபது வருடமாகக் கட்டிக் காத்த ரகசியத்தால் அவருக்கு ஆன நஷ்டம் தடவைக்கு மூன்று நிமிடம். இதை அவரிடம் சொன்னேன்.

"வெயில்ல நடப்பியா நீ?" என்றார்.

"பத்துக்கட்டைக்கும் வெயில்லதானே நடக்கிறீங்க?"

"அது வேற வெயில் லா."

எனக்கு வேலை ஆள் எண்ணுவது. நிலையங்களில் கையில் கிளிக்கரோடு நின்று ஏறுவோர் இறங்குவோரை எண்ண வேண்டும். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். பி.இ. படித்துவிட்டு இதுவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தக் கிளையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்ற பேச்சு வந்த வருடம் எங்கள் கம்பெனிக்குத்தான் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் புளோக்கும் பட்டியலில் இருந்தது. வீட்டுக்காரரிடமே படிவத்தை நீட்டினேன்.

"அங்கிள், அந்தக் கிளை ரயிலைப் பயன்படுத்துறீங்களா?"

எழுந்து போய் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இல்லன்னு போடு."

"நீங்க போவீங்களே?"

"போவேன். அதுக்காக ஊருக்கே சொல்லணுமா? ஆமான்னு எழுதினா நாளைக்கு அத்தனை பேரும் அங்க வந்து நிப்பான். எனக்கு உக்கார இடம் கிடைக்காது."

"நாலு பேர் போனாத்தான் அங்கிள் வச்சிருப்பாங்க. இல்லன்னா மூடிடுவாங்க."

"கவர்மெண்ட் காசு போட்டுக் கட்டினது தம்பி. கட்டினதை மூட அவனுக்கென்ன பைத்தியமா?" பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "உம்மு! யாரு கேட்டாலும் நாம பத்துக்கட்டைப் பக்கம் போறதே இல்ல. தெரிஞ்சுதா?"

அவர் மனைவி உம்மு சல்மா உள்ளேயிருந்து சொன்னார்: "நான் போனதே இல்லையே. நீங்க எங்க என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அதோடு நிற்கவில்லை. அந்த வழியை அவர் பெருமைக்காக யார் யாரிடம் அவிழ்த்துவிட்டிருந்தாரோ, அத்தனை பேரையும் கோப்பிக் கடையில் பிடித்து வாயைக் கட்டினார். மூன்று மாடிகளில் எனக்கு ஒரே பதில் வந்தது, வார்த்தை மாறாமல்: "அந்தப் பக்கமே போறதில்ல."

என் கம்பெனி மட்டும் ரொம்ப யோக்கியமா? நிலையத்தில் எண்ணியது செவ்வாய், புதன், வியாழன். மற்றதெல்லாம் ஓடுகிற நாளில் போய் நின்றுகொண்டு, இதில் யாரும் ஏறவில்லையே என்று குறித்தோம். வட்டம் நிற்கிற சனிக்கிழமையில் எண்ணினால்தான் தெரியும் என்று குறிப்பில் எழுதினேன். மேற்பார்வையாளர் முனீரா கூப்பிட்டார்.

"ரிமார்க்ஸ்ல கதை எழுதாதீங்க ப்ரோ. ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்ல."

என் குறிப்பை அடித்துவிட்டார். வழவழப்பான தாளில் அறிக்கை போயிற்று. கிளையை மூடினார்கள்.

மூடியது கனிக்குத் தெரியாது. சாதாரண நாளில் அவருக்கு அங்கே என்ன வேலை? லிஃப்ட் பக்கத்தில் நாலு மொழியிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அறிவிப்பெல்லாம் வழி தெரியாதவர்களுக்கு என்பது அவர் கொள்கை.

அவருக்கு ஒரே மகள், அஃப்ரீன். அந்த வீட்டில் புத்தி இருந்த இடம் அதுதான். தாதிமை, அதாவது நர்ஸிங், பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தாமதமாக வருபவர்கள் பார்க்கப்பட மாட்டார்கள் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் தண்டவாள வேலை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நான் சொன்னேன்: ஏழே காலுக்குக் கீழே இறங்கி மாற்றுப் பஸ் வரிசையில் நில்.

"வரிசையா?" என்றார் கனி. "என் மவ வரிசையில நிக்க மாட்டா. நான் பத்துக்கட்டை வழியா கூட்டிட்டுப் போறேன்."

"அதை மூடிட்டாங்க அங்கிள்."

"முன்னாடி ஒரு தடவையும் மூடினான். பெயிண்ட் அடிச்சுத் திறந்தான். நீ வந்து மூணு வருஷம். நான் பொறந்த ஊரு இது."

"வாப்பா, அண்ணா சொல்றதை ஒருவாட்டி செக் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் அஃப்ரீன்.

"செக் பண்றதா? நானா?"

அடுத்த நாள் நடந்ததை அவள் வாயால் கேட்டேன். வரிசையைத் தாண்டி, அதில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, "பாரு, ஆட்டு மந்தை மாதிரி" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப் போயிருக்கிறார். ஏழே முக்காலுக்குப் பத்துக்கட்டை. ஷட்டர் இறங்கிப் பூட்டு தொங்கியது. பூட்டில் துருவே ஏறிவிட்டது. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

"பின்பக்க வாசல் ஒண்ணு இருக்கு" என்றார். இல்லை.

அவள் போனை எடுத்து வாடகைக் கார் தேடினாள். தண்டவாள வேலை நடக்கிற காலையில் ஊரே அதைத்தான் தேடியது. பதினெட்டு நிமிடம் ஆகும் என்றது. "எம்.ஆர்.டி.க்கு நடந்துடலாம் வாப்பா, பத்து நிமிஷம்தான்" என்றாள். அங்கேதான் அந்த மனிதர் தன் முழு உருவத்தையும் காட்டினார். நடந்தால் தோற்றதாக ஆகிவிடுமே.

"எதுக்கு நடக்கணும்? ஸ்டேஷன் மூடினா மாத்துப் பஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கும். அதான் ரூல்."

அது வேலைக்காக நிறுத்துகிற நிலையத்துக்கு. இல்லாமலே போன நிலையத்துக்கு எந்தப் பஸ் நிற்கும்? கிளை இருந்தவரை மாற்றுப் பஸ்ஸுக்கு அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது. கிளை போனதும் நிறுத்தமும் போயிற்று. அந்த ரயிலில் போன கொஞ்ச நஞ்சப் பேரும் இப்போது பஸ்ஸுக்கு வந்துவிட்டதால் பஸ்கள் பிதுங்கிக்கொண்டு வேறு வந்தன. முதல் பஸ் கடந்தது. கனி கையைக் காட்டினார். இரண்டாவதுக்கு ரோட்டில் இறங்கிக் காட்டினார். மூன்றாவதுக்குக் கத்தினார். வரிசையில் நின்று ஏறிய ஆட்டு மந்தை உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

எட்டேகாலுக்கு அஃப்ரீன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எம்.ஆர்.டி. பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அவர் கூப்பிட்டாராம். திரும்பவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது பதினாறு. பெயரை அடித்திருந்தார்கள்.

அன்று மாலை கனி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "யாரைக் கேட்டு மூடினான்? நம்மள மாதிரி ஆளுங்களைக் கேட்டானா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

"உங்களைக் கேட்டுத்தான் அங்கிள் மூடினாங்க" என்றேன். "நான்தான் வந்து கேட்டேன். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க."

அவருக்கு ஞாபகம் வர ஒரு நிமிடம் ஆயிற்று. வந்ததும் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு.

"நான் ஆயிரம் சொல்வேன். அப்படியே எழுதிடுவியா? படிச்சவன்தானே நீ?"

உம்மு சல்மா தட்டோடு வந்து, "நகருங்க ரெண்டு பேரும். புள்ள காலையிலேர்ந்து சாப்பிடல" என்றார்.

அஃப்ரீன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அன்று பல்கலைக்கழக வாசலிலிருந்து அவள் சும்மா திரும்பிவிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்து, நேர்முகம் நடத்திய அம்மாள் வெளியே வந்தபோது எழுந்து நின்றிருக்கிறாள். ஏன் தாமதம் என்று அவர் கேட்டிருக்கிறார். "எங்க வாப்பாவுக்கு வழி தெரியும்" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் சிரித்தாராம். அவருக்கும் அப்படி ஒரு அப்பா இருந்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை எட்டே முக்கால், இன்னொரு தடவை கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமையும் தண்டவாள வேலை. மாற்றுப் பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை என்று புகார் போனதால், இப்போது அதை எண்ண எங்களை அனுப்பியிருந்தார்கள். ஆறரை மணிக்குப் புளோக்குக்குக் கீழே கிளிக்கரோடு நின்றேன். அஃப்ரீன் முதல் ஆளாக இறங்கி வரிசையில் நின்றாள். "வாப்பா தூங்குறாங்க. எழுப்பாம வந்துட்டேன்" என்றாள்.

தூங்கவில்லை. ஆறே முக்காலுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் அவளுக்குப் பின்னால் முப்பது பேர். முன்னால் போகப் பார்த்தார். ஒரு சீனக் கிழவர் குடையை நீட்டித் தடுத்தார். கடைசியில் போய் நின்றார். நின்றவர் சும்மா நின்றாரா? மஞ்சள் சட்டை போட்ட பணியாளரிடம் வரிசையை எப்படி வளைக்க வேண்டும், பஸ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்குத் தமிழும் தெரியாது, கனியின் இங்கிலீஷும் புரியவில்லை.

முதல் பஸ் வந்தது. அஃப்ரீன் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நிரம்பியது, கதவு மூடியது. அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் பாக்கி. அவர் கையை ஆட்டினார். அவள் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பஸ்ஸில் அவர் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தூரத்தில் தெரிந்த குட்டி ரயில் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஐந்துக்கு என் போனில் செய்தி வந்தது. அவள் தன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் அனுப்பியிருந்தாள்: வந்துட்டேன், வெளியே உட்கார்ந்திருக்கேன்.

"போயிட்டாளா?" என்றார்.

"போயிட்டா அங்கிள். நாப்பது நிமிஷம் முன்னாடியே."

மூச்சு விட்டார். தோள் இறங்கியது. இவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று, மூன்று வருடப் பழக்கத்தையும் மறந்து, நான் ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"பாத்தியா" என்றார், மஞ்சள் சட்டைப் பையனைக் காட்டி. "நான் சொன்னதுக்கப்புறம்தான் வரிசை சரியா நவுந்துச்சு."