ஹோர்ன் அக்கா

வயரின் தோலைச் செலஸ்ரீனா முன்பற்களால்தான் உரிக்கிறார். அதற்கென்று கராஜ் முதலாளி சால்வோ வாங்கிக் கொடுத்த குறடு மேசையில் பளபளவென்று கிடக்கிறது. அதை அவர் தொடுவதில்லை. வயரைக் கவ்வி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் தோல் மட்டும் கழன்று வருகிறது. உள்ளே இருக்கும் செம்பு இழை ஒன்றுகூட அறுவதில்லை. “குறட்டுக்குச் செம்பு எது பிளாஸ்ரிக் எது எண்டு தெரியாது. பல்லுக்குத் தெரியும்,” என்கிறார், வாயிலிருந்த துண்டைத் துப்பிவிட்டு.

காலை முழுவதும் அவர் இந்த இத்தாலிய நகரத்தின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைக்கிறார், சட்டைகளை அயன் பண்ணுகிறார். மத்தியானம் போர்கோ வெக்கியோவுக்கு நடந்து வந்து, மீன்கடைக்குப் பக்கத்திலிருக்கும் சால்வோவின் கராஜுக்குள் நுழைந்ததும் நடையே மாறிவிடுகிறது. பழைய கார்களின் வயரிங் எல்லாம் இங்கே அவர் பொறுப்பு. பழைய பிரேக் லைற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர்களை ஈயம் வைத்து ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கரண்ட் வருகிற இடத்தில் அது எரியும், வராத இடத்தில் எரியாது. “மீற்றர் கன கதை கதைக்கும். இது ஓம் இல்லை எண்டு மட்டும் சொல்லும். எனக்கு அது காணும்.”

அவர் இந்தக் கராஜுக்கு வந்ததே ஒரு ஹோர்னால்தான். சிஞ்ஞோராவின் வீட்டுக்குக் கீழே ஒரு கார் நிறுத்தாமல் கத்திக்கொண்டு நின்றது. சால்வோ முன்மூடியைத் திறந்து வியர்த்துக்கொண்டிருந்தார். மாடியில் சிஞ்ஞோரா காதைப் பொத்திக்கொண்டு சத்தம்போட, செலஸ்ரீனா கையில் தும்புத்தடியோடு இறங்கி வந்தார். பற்றரி பற்றாக்குறையாக இருந்த போர்க்காலத்தில், சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்ட மன்னார்க்காரி அவர். தோல் தேய்ந்து காரின் உடம்பில் முட்டிக்கொண்டிருந்த வயரைத் தும்புத்தடியின் காம்பால் தள்ளிவிட்டார். தெரு அமைதியானது. “நாளைக்கு வருகிறாயா?” என்று சால்வோ கேட்டார். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இந்த நகரத்தில் இருப்பவர்கள் அன்றிலிருந்து அவரை ஹோர்ன் அக்கா என்கிறார்கள்.

சென்ற மாதம் அவர்களில் ஒருவனான கஜானன் கொண்டுவந்தது, அவனுடைய வயதைவிடக் கூடிய வயதுள்ள ஒரு சின்ன ஃபியற் கார். சுற்றுலாப் பயணிகளையும் கலியாணச் சோடிகளையும் ஏற்றி ஓடுவதற்காக வாங்கியிருந்தான். இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது தானாகக் கத்தியது. செலஸ்ரீனா பொடிந்துபோன பழைய வயர்களை உருவி எறிந்துவிட்டு, பியூசிலிருந்து ஸ்ரியரிங் வரைக்கும் ஹோர்ன் வழி முழுவதையும் புதிதாக இழுத்துக் கொடுத்தார். அடுத்த நாளே கஜானன் திரும்பி வந்து நின்றான்.

“அக்கா, ஒரு சத்தமும் இல்லை. நேற்று நீங்கள் தரேக்கை பேய் மாதிரிக் கத்தினது. இண்டைக்கு ஊமை.”

“உன்னை விட நல்லது எண்டு சொல்லு.”

“பகிடி விடாதேங்கோ. பின்னேரம் காரைச் செக் பண்ணுற ரெவிசியோனே இருக்கு. ஹோர்ன் இல்லாட்டிப் பாஸ் பண்ண மாட்டான். பாஸ் பண்ணாட்டி ஞாயிற்றுக்கிழமைக் கலியாண ஓட்டம் போச்சு. அதை நம்பி ரெஸ்ரோரண்ட் வேலையையும் விட்டிட்டன்.” கொஞ்சம் நிறுத்தி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நீங்கள் இழுத்த வயரிலைதான் எங்கையோ பிழைச்சிருக்கு.”

அந்தச் சொல் செலஸ்ரீனாவுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்துத்தான் மூடியிருந்தார்.

இன்னொரு காருக்கு அடியிலிருந்து சால்வோவின் தலை மட்டும் வெளியே வந்தது. “செலெ! டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு புது சுவிச்சைப் பூட்டிவிடு. சுருக்கமான வேலை. அமுனீ, அமுனீ, சீக்கிரம்!”

“ஆபத்து வந்தால் கை ஸ்ரியரிங்கின் நடுவைத்தான் அடிக்கும். கீழே குனிந்து தேடாது,” என்று செலஸ்ரீனா இத்தாலிய மொழியில் பதில் கொடுத்துவிட்டு, கழுத்திலிருந்த பல்பைக் கையில் எடுத்தார்.

இந்தக் காரில் பட்டன் கரண்டை அனுப்புவதில்லை. கரண்ட் எப்போதும் ஹோர்ன் வரைக்கும் வந்து காத்து நிற்கிறது. பட்டனை அமத்தும்போது அது காரின் உடம்பில் இறங்க வழி கிடைக்கிறது. செலஸ்ரீனா அதைக் கஜானனுக்கு விளக்கியது வேறு விதமாக: “கோப்பை கழுவுற பேசின் மாதிரி. தண்ணி நிறைஞ்சு நிக்குது. கீழை அடைப்பானை இழுத்தாத்தான் சத்தம் போட்டுக்கொண்டு போகும்.”

ஹோர்னில் பல்பை வைத்தார், எரிந்தது. ஸ்ரியரிங்கின் அடியில், பட்டனுக்குப் போகும் வயரைக் கழற்றி, அதன் நுனியை வெறும் இரும்பில் தொட்டார். கார் வீரிட்டுக் கத்தியது. வெளியே மீன்காரன் பதிலுக்குக் கத்தினான். அவர் இழுத்த வழி முழுவதும் சரியாக இருந்தது.

“அப்ப...?” என்றான் கஜானன், முகம் சிறுத்து.

பட்டனின் மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே, ஒன்றையொன்று தொடவேண்டிய பித்தளைத் தகடுகளுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. சுரண்டி மூக்கருகே பிடித்தார். பிறகு கஜானனைப் பார்த்தார்.

“சந்தனம்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “இரவு என்ரை மனுசி அம்பிகை காருக்குப் பூசை செய்தவ. சில்லுக்கெல்லாம் தேசிக்காய் வைச்சு, ஸ்ரியரிங் நடுவிலை பெரிய பொட்டு. இஞ்சை வர முதல் நான் துடைச்சுப்போட்டன். சால்வோ கண்டால் சிரிப்பான் எண்டு.”

“தண்ணியாய்க் குழைச்சவவோ?”

“ஓம். பன்னீர் விட்டு.”

“மேலை துடைச்சாய். உள்ளுக்கை இறங்கினதை ஆர் துடைக்கிறது?”

“என்ன அது? என்ன கண்டுபிடித்தாய்?” சால்வோ எழுந்து வந்துகொண்டிருந்தார். கஜானன் தலையைக் குனிந்தான்.

“போல்வெரே,” என்றார் செலஸ்ரீனா. தூசி.

“இவ்வளவு மஞ்சளாகவா?”

“ஷிரொக்கோ அடித்ததல்லவா? ஆபிரிக்கப் பாலைவனம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.”

சால்வோ அந்தத் தெற்குக் காற்றையும் அதன் தாயையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் நுழைந்தார்.

செலஸ்ரீனா சந்தனத் தூள் முழுவதையும் ஒரு சுத்தமான துணியில் விழும்படி சுரண்டி எடுத்தார். தகடுகளை அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். வயரை மாட்டி, மூடியைப் பொருத்தி, “அடி,” என்றார். கஜானன் அடித்தான். நம்பாமல் திரும்பவும் அடித்தான். பிறகு சந்தோஷத்தில் கையை எடுக்காமலே அடித்தான்.

“காணுமடா! ரெவிசியோனேக்காரனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.”

அவன் சிரித்தான். ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமலும் புறப்படாமலும் இருந்தான். “அக்கா, பொட்டில்லாமல் ஓட அம்பிகை விடமாட்டா. அவவிட்டை என்னெண்டு சொல்லுறது?”

ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் செலஸ்ரீனா, துணியில் கிடந்த தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மோதிர விரலால் குழைத்தார். மற்றக் கையை டாஷ்போர்டின் மேலே மெதுவாக ஓடவிட்டு, பின்னால் ஒரு வயரும் போகாத மூலையில் நிறுத்தினார். அங்கே வட்டமாக ஒரு பொட்டை வைத்து, வழியாதபடி அது காயும்வரை குனிந்து வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.