கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை

பாகூரில் எங்கள் கொல்லைக்கு மும்முனை கரண்ட் வருவது அதன் இஷ்டம். அதனால் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டே வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். போர்க்கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் வெறுமனே ஓடி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் எரியும். அந்தப் பயத்தில் அப்பா எந்த விசேஷத்துக்கும் நிம்மதியாகப் போனதில்லை. சாஃப்ட்வேர் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்து என்ன பயன் என்று எனக்கே உறைத்தது. தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

ரஸ்ட் மொழியில் எழுதினேன். மோட்டார், நீர்மட்டம் பார்க்கும் சென்சார், எதை வைத்தாலும் ஏற்கும்படி புரோகிராமுக்குள் பொதுவாக ஒரே உறை. உறையின் வேலை முடியும்போது கடைசியாக ஓடும் பகுதிக்கு டிஸ்ட்ரக்டர் என்று பெயர். உள்ளே மோட்டார் இருந்தால் மட்டும் அதை நிறுத்து என்று அதில் எழுதினேன். எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. உறை பொது என்றால் டிஸ்ட்ரக்டரும் பொதுதான், ஒன்றுக்கு மட்டும் தனிச்சலுகை கிடையாது என்றது. மூன்று நாள் மல்லுக்கட்டினேன், மசியவில்லை. சலித்துப்போய், எது உள்ளே இருந்தாலும் நிறுத்து என்று எழுதிவிட்டேன். சென்சார் நின்றால் என்ன, குடியா முழுகிவிடும்? கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

நடவு முடிந்த வாரம் அப்பா நெட்டப்பாக்கத்துக்கு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினார்.

"பொட்டி பாத்துக்கும் இல்ல?"

"பாத்துக்கும்பா, நீ போ."

முதல் அளவை எடுத்ததுமே சென்சாரின் உறைக்கு வேலை முடிந்து, நான் எழுதியபடியே டிஸ்ட்ரக்டர் சென்சாரை நிறுத்திவிட்டிருந்தது. அதன்பிறகு பெட்டி அந்தப் பழைய அளவையே நம்பி, தண்ணீர் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் மீட்டிங் முடிந்து நான் கொல்லைக்குப் போனபோது மோட்டார் கொட்டகையில் கருகிய நாற்றம்.

வில்லியனூரில் காயில் கட்ட ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பக்கத்துப் போர்களில் அவரவர் நடவுக்கே தண்ணீர் போதவில்லை. நட்ட பயிர் கண்ணெதிரே மஞ்சளானது. தினமும் வரப்பில் போய் நின்றேன். அழுகை வந்தது, வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மோட்டார மட்டும் நிறுத்துன்னு சொல்ல முடியாதாடா?"

"முடியாதுபா. கம்பைலர் வுடாது."

"அப்பறம் நீ இன்னா பண்ணுவ?" என்று தோளைத் தட்டினார்.

கம்பைலர் தடுத்தது நான் முதலில் எழுதியதை. மோட்டாரை எரித்தது நான் அடுத்து எழுதியது. அன்று சாயங்காலம் டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் அவர், "எம் புள்ள மேல தப்பு இல்லபா, அந்தக் கம்பைலர்தான் வுடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே டீ கிளாஸோடு நின்றேன்.