கால் முன்னே வந்தவள்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நான் வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேராமல் திரு-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம் அது. சுசீந்திரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளை ஏறி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். நான் அப்படிப் பிறந்தவள்.

நாற்று முடிச்சைத் தூக்கியவர், கிணற்றில் வாளி இழுத்தவர், சும்மா உட்கார்ந்து தும்மியதிலேயே பிடித்துக்கொண்டவர் என்று பலரும் காலையில் வந்து எங்கள் முற்றத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுப்பார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் இடுப்பிலிருந்து தோள்பட்டை வரை மிதித்துக்கொண்டு போய்த் திரும்பி வருவேன். சிலருக்கு எலும்புக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும், ஏதோ தானே செய்ததுபோல அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். வந்தவர்கள் எனக்கு மட்டிப்பழமோ கருப்பட்டியோ தந்துவிட்டுப் போவார்கள். கால் முன்னே வந்ததென்பது நானே யோசித்துச் செய்த காரியம் என்ற நினைப்பு எனக்கு. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெருமையோடுதான் நடப்பேன்.

அம்மா மட்டும் அந்த நேரத்தில் முற்றத்துக்கு வரமாட்டாள். அடுக்களையில் வேலை இருக்கும், அல்லது இருப்பதாகச் சொல்வாள்.

அடுத்த வீடு பெரியப்பாவுடையது. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். நடுவே ஒரு சின்ன மண்சுவர்தான். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பெரியம்மாவும் அம்மாவும் மட்டும் சுவரோரமாக நின்று மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஏன் சண்டை என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். பெரியவர்கள் காரியம் என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லோரும் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆவணிக் கடைசியில் கன்னிப்பூப் போக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, கதிர்க்கட்டைத் தலைக்கு ஏற்றிய பெரியப்பா அப்படியே மடங்கி விழுந்தார். இரண்டு பேர் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தக்கலைப் பக்கத்திலிருந்து வர்மம் பார்க்கும் ஆசான் ஒருவர் வந்தார். எண்ணெய் போட்டுத் தடவி, கால்களைப் பிடித்து இழுத்து நிமிர்த்திவிட்டு, வலி குறையும், ஆனால் கொஞ்ச நாள் படுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொன்னார். வலி குறைந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அறுத்த கதிர் வயலிலேயே கிடந்தது. மேற்கே மலைக்கு மேல் மழைக் கருக்கலாக இருந்தது.

என்னை மிதிக்க அனுப்பச் சொல்லி, பெரியம்மா சுவரோரம் வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அதைச் சொன்னாள்.

"போவாண்டாம்," என்றார் அப்பா. "அவன் முதுகுல எம்பிள்ள கால் படாண்டாம்."

அப்பா ஒன்று சொன்னால் அம்மா மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். சத்தம்கூட உயரவில்லை. அப்பா பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இரண்டு கால்களையும் தேய்த்துக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். எந்த நோயாளிக்காகவும் இப்படி நடந்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெரியப்பா பாயில் குப்புறக் கிடந்தார். கழுத்தைத் திருப்பி என்னை வெகுநேரம் பார்த்தார். அத்தனை பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்கே வலிக்கிறது என்று தொழில்முறையில் விசாரித்தேன். பெரியம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அம்மா கையைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். இரண்டு அடி வைத்ததுமே காலுக்குக் கீழே அவர் உடம்பு குலுங்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தேன். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிப் பாயில் விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்தவர்கள் முனகியிருக்கிறார்கள், அழுததில்லை. பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன்.

"வலிக்கா பெரியப்பா?" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதும் அன்றுதான்.

"இல்ல மக்கா," என்றார். "நல்லா சவிட்டு."

நிமிர்ந்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாளும் அவரால் எழ முடியவில்லை. என் பெருமைக்கு அது பெரிய அடி. அன்று மத்தியானம் மழை வருவதற்குச் சற்று முன்னால் அப்பா எங்கள் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், பெரியப்பாவின் கதிரையெல்லாம் களத்துக்குத் தூக்கி ஓலை போட்டு மூடிவிட்டு, நனைந்து திரும்பினார். பெரியப்பா சில நாளில் தானாக எழுந்து நடந்தார். அப்புறம் அண்ணனும் தம்பியும் கூடிக் குலாவினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் இல்லாத நேரத்தில் அவர் மாட்டை மற்றவர் பிடித்து நிழலில் கட்டும் அளவுக்கு வந்தது.

என் தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, முறம் முன்னால் இருக்க, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா இதைச் சொன்னாள். நான் பிறந்த அன்று, கால் வெளியே வந்ததோடு எல்லாம் நின்றுபோயிற்று. அப்பா நெல் விற்கக் கோட்டாற்றுக்குப் போயிருந்தார். பெரியப்பாதான் வண்டி கட்டி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். இரண்டு உயிரில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்போல இருக்கிறது, யாரைப் பார்ப்பது என்று டாக்டர் கேட்டார். பெரியப்பா, தாயைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் இரண்டு பேருமே பிழைத்தோம். ஆனால் இந்தப் பேச்சு அப்பாவின் காதுக்கு எட்டியது. பிள்ளையில்லாதவனுக்குப் பிள்ளையின் அருமை என்ன தெரியும் என்று அண்ணனை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

"ஓம் பெரியப்பா டாக்டர்ட்ட சொன்னது எனக்குக் காதுல விழுந்துது," என்றாள் அம்மா. "உன்ன வேண்டாம்னு சொல்லுகாவளேன்னு நெஞ்சு அடச்சுது. ஆனா எனக்காகவும் பேச ஒரு ஆளு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது மக்கா."

நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் முதுகில் ஏறிய அன்று, அவர் என் கனம் தாங்காமல்தான் அழுகிறார் என்று நினைத்து, அவருக்கு வலிக்காதபடி நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தேன்.