தலைவர் சட்டையில் ஒட்டிய போட்டு

எனக்கு வாய் நீளம் என்பது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் தெரிந்த விஷயம். அங்கேதான் கார்களுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருக்கிறேன். வெயிலில் நிறம் செத்த வண்டியைக் காலையில் விட்டுப் போனால், மாலையில் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போகலாம். இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

என் தங்கையும் ஒரு காலத்தில் சாதாரணப்பட்டவள் இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் விசிலடித்தால், ஸ்டாப்பைத் தாண்டிப் போன பஸ் நிற்கும். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். போன இடத்தில் அவளுக்கு 'ரோட்டுக்காரப் பொண்ணு' என்று பெயர் விழுந்தது. கடல் தெரியாத ஊரிலிருந்து வந்தவள் என்று அர்த்தம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சத்தம் அடங்கிப் போனது. அங்கே நாலு பேர் நடுவில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குப்பத்தில் மாசி மகத்தன்று அம்மனைப் போட்டில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று கொண்டுபோவார்கள். வருஷத்துக்கு ஒரு வீட்டுப் போட்டு, முறை வைத்து. எந்த வீட்டுப் போட்டோ அந்த வீட்டுப் பெண்தான் முதல் ஆரத்தி எடுப்பாள். போன மாசியில் முறை என் தங்கை வீட்டுக்கு வந்தது. ஒரு மாதம் முன்பே பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள் அந்தப் பைத்தியம்.

திருவிழா விஷயம் பேச வந்த குப்பத்துத் தலைவர், மணலில் ஏற்றி வைத்திருந்த அந்தப் போட்டின் மேல் சாய்ந்து நின்று பேசினார். புது மெரூன் சட்டை. பேசி முடித்து நிமிர்ந்தால் முதுகு முழுக்க வெள்ளை! வெயிலும் உப்பும் தின்று, போட்டின் மேல்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மீன்கூடையோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவரின் முகமும் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது.

"அம்மன் பட்டுல இந்தச் சுண்ணாம்பு ஒட்டிக்கினா இன்னா ஆவறது? இந்த வாட்டி அடுத்த வூட்டுப் போட்டு போவட்டும். உங்க முறைய கடைசியில வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தங்கை போனில் அழுதாள். "விடுக்கா. இந்த ஊர்ல எனக்குக் கொடுத்து வைக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருடி சொன்னது? மகத்துக்கு முந்தின நாள் தலைவரை வந்து பார்க்கச் சொல்லு. அதே சட்டையைப் போட்டுட்டு வரச் சொல்லு!"

அவள் நிஜமாகவே போய்ச் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது. கடையைப் பூட்டிவிட்டு, பாலிஷ் மெஷினை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, மேடவாக்கத்துத் தண்ணீர் லாரிகளைத் திட்டியபடியே போய்ச் சேர்ந்தேன்.

நீலமாக இருந்த போட்டு சாம்பல் பூசியதுபோல் நின்றது. கையால் தடவினேன், உள்ளங்கை வெளுத்துவிட்டது. "பெயின்ட் அடிச்சிடலாம்க்கா" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"செத்த தோல் மேல பெயின்ட் அடிச்சா தோலோட உரிஞ்சு வந்துடும் மாப்ளே. நீங்க கம்முனு பாருங்க."

காருக்குப் போடும் பாலிஷையே போட்டேன். சாயங்காலம் போட்டு தகதகவென்று ஜொலித்தது. தங்கை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று அலட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை போன். "அக்கா, மறுபடியும் வெளுத்துடுச்சு."

மூக்கறுபட்டது எனக்கு. நனைந்த போட்டு எல்லாமே பளபளக்கும். நான் செய்ததும் அதுதான், பாலிஷில் இருந்த எண்ணெயால் நனைத்துவிட்டு வந்திருக்கிறேன். பொடிந்த பூச்சு அப்படியே அடியில் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எதைத் தடவினாலும் வீண்.

வாட்டர் பேப்பரோடு திரும்பிப் போனேன். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு உயிர் போய்விட்டது. "அய்யோ அக்கா! தேச்சித் தேச்சி போட்டுல ஓட்டை போட்ருவ போலக்கீதே!" அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. மேல்பூச்சு மெல்லிசு. அதிகமாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் ஃபைபர் நூல் வெளியே வந்துவிடும், போட்டு தண்ணீர் குடிக்கும். பக்கத்திலேயே குத்தவைத்து, மூச்சுக்கு மூச்சு "நூலு தெரியுதாக்கா? நூலு தெரியுதா?" என்று உயிரை எடுத்தார்.

"தெரிஞ்சா உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரேன், பேசாம தண்ணிய ஊத்துங்க!"

காற்றில் பறக்கும் மணல் தாளுக்கடியிலோ மெஷினிலோ சிக்கினால் போட்டு முழுக்கக் கோடு விழும். அதனால் தங்கை தார்ப்பாயைத் திரைபோல் கட்டி, அது பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தேய்க்கத் தேய்க்க வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் வழிந்தது. முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைஸ் தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கடைசியில் வழிந்த தண்ணீர் தெளிந்தது. துடைத்துவிட்டு, காயும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்தது. வெளுக்கவில்லை!

"நீலம்க்கா!" என்று தங்கை தார்ப்பாயை விட்டுவிட்டுக் குதித்தாள். தார்ப்பாய் பறந்துபோய் மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

தார்ப்பாயை மறுபடி கட்டிவிட்டு, தாள் விட்ட கீறல்களைப் போக்கும் காம்பவுண்ட் பசையைத் தடவி மெஷின் ஓட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் பூச்சு கருகிவிடும் என்பதால் கையை ஓய விடவில்லை. கடைசியாக மெழுகு பூசித் துணியால் துடைத்தபோது போட்டு வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது என்று மாப்பிள்ளை சொன்னார்.

மகத்துக்கு முந்தின நாள் தலைவர் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அதே மெரூன் சட்டை. பின்னால் பாதிக் குப்பம். ஒரு விரலால் போட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் செல்லாது தலைவரே. அன்னிக்கு எப்படிச் சாஞ்சீங்களோ அப்படியே சாயுங்க" என்றேன்.

"இன்னாமா, வம்பா கீதே" என்று முணுமுணுத்தபடி சாய்ந்தார். நான் வேண்டுமென்றே அவரிடம் ஊர்க்கதை பேசினேன். பிறகு அவர் மெதுவாகத் திரும்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். அன்றைக்குச் சிரித்த மீன்காரப் பெண்களே கிட்டே வந்து முதுகைத் தடவிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல தலைவரே! சுத்தமா கீது!"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தார். "காலையில சீக்கிரம் தட்ட எடுத்துக்கினு வந்துரும்மா" என்றார்.

மறுநாள் முதல் ஆரத்தி என் தங்கை எடுத்தாள். அம்மன் ஏறினாள். புதுச்சட்டை போட்ட ஆண்களெல்லாம் தோள் கொடுத்துத் தள்ள, நீலப் போட்டு வெயிலில் மின்னிக்கொண்டு அலையில் இறங்கியது. என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். தலைவர் திரும்பி முறைத்தார்.

அவர் முறைத்து முடிப்பதற்குள், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த என் தங்கை ஆரத்தித் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்துகிற அந்தப் பழைய விசிலை அடித்தாள்.